பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டேன், ஆணைக்குழுவில் பதிவும் செய்துவிட்டேன். வகுப்பு தொடங்கும்வரை இனி வேறு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. நீங்கள் செய்து முடித்திருப்பது மூன்று பதிவுகளில் முதலாவதை மட்டும்தான். மட்டக்களப்பிலிருந்து முதல் தடவையாகக் கொழும்புக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நானும் கொழும்பில்தான் படித்தேன். எந்த வளாகம் என்று சொல்லப்போவதில்லை.

வோர்ட் பிளேசில் இருக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்களைத் தெரிவுசெய்கிறது. அங்கே பதிவதன் பொருள், ‘இந்த இடம் எனக்கு வேண்டும்’ என்பதுதான். குறித்த நாளுக்குள் பதியாதவர்களின் இடம் வெற்றிடமாகி, இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடும்படி மாற்றிய கணக்கு) வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இன்னொன்று, பதிந்துவிட்டால் அடுத்த வருடம் வேறு பாடநெறிக்கு விண்ணப்பிக்கும் தகுதியில் அது கைவைக்கும். மூன்றாம் தடவையும் உயர்தரம் எழுதிப் பார்க்கலாமா என்ற எண்ணம் மனதில் ஒரு மூலையில் இருந்தால், அந்த வருடத்துக்குரிய ஆணைக்குழுவின் மாணவர் கைநூலில் அந்தப் பகுதியை நீங்களே வாசியுங்கள். அண்ணன்மார் சொல்வதை நம்ப வேண்டாம். அவர்கள் காலத்து விதி வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தில் நேரில் போய்ப் பதிவது. இங்கே தமிழ்ப் பிள்ளைகளை வாட்டுவது பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் தகப்பன் பெயரோடு ஒரு விதமாக இருக்கும். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்துகள் மட்டும். என் தோழி ஒருத்தியின் பெயரில் ‘ழ’ இருந்தது. ஓர் ஆவணத்தில் அது ஆங்கில ‘எல்’, மற்றதில் ‘இசட் எச்’. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக் கடதாசி கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவள் வந்தது வவுனியாவிலிருந்து. வெள்ளவத்தையில் ஒரு சமாதான நீதவானைத் தேடிப் பிடித்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு திரும்ப, கருமபீடம் மூடும் நேரம். ஊரிலிருந்து புறப்படும் முன்பே மூன்று ஆவணங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கடதாசியை ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் என்னை விழுத்தியது: ஒவ்வொரு அரையாண்டின் தொடக்கத்திலும் நீங்கள் படிக்கப்போகும் பாட அலகுகளைப் பதிவது. முதலாம் வருடத்தில் பெரும்பாலும் கட்டாய அலகுகள் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. நான் இரண்டாம் வருடத்தில் ஆறு அலகுகளைத் தெரிவுசெய்தேன். அதில் ஒன்று விருப்பத்துக்குரியது, வேறு துறையில். இணையப் படிவத்தில் ஐந்தைச் சமர்ப்பித்தேன். ஆறாவதைத் துறைத் தலைவரின் அனுமதி வந்ததும் சமர்ப்பிக்கலாம் என்று சேமித்துவைத்தேன். அனுமதி வந்தது. நான் திரும்பப் போய் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. திரையில் ஆறு பெயரும் வரிசையாகத் தெரிந்தன. ஆறாவதன் பக்கத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் வேறு, அவ்வளவுதான்.

பதின்மூன்று கிழமை வகுப்புக்குப் போனேன். வரவு இடாப்பின் கடைசியில் என் பெயரைக் கையால் எழுதி ஒப்பமிட்டேன். ஒப்படை கொடுத்தேன், நல்ல புள்ளியும் வந்தது. பரீட்சை அனுமதி அட்டையைக் கையில் வாங்கியபோது அதில் ஐந்து வரிகள். அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்! பீடச் சபைக்குக் கடிதம் எழுதினேன். விரிவுரையாளரும் எனக்காக ஒரு வரி எழுதிக் கொடுத்தார். பதில் இரண்டு வரியில் வந்தது: பதிவில்லாதவருக்குப் பரீட்சை இல்லை. அந்த அலகை அடுத்த வருடம் கனிஷ்ட பிள்ளைகளோடு இருந்து படித்தேன். அவர்கள் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டுக் குறிப்புக் கேட்பார்கள்.

கோபம் ஆறிய பிறகு ஒன்று புரிந்தது. எனக்கு வந்தது இரண்டு கெடுதிகளில் சிறியது. பதியாமல் விட்டதால் அடுத்த வருடம் எழுதியது என் முதல் தோற்றமாகவே கணக்கிடப்பட்டது. எடுத்த தரம் முழுதாகக் கிடைத்தது. என்னோடு படித்த ஒருவன் நேர்மாறு. ஓர் அலகைப் பதிந்தான், மூன்றாம் கிழமையோடு போவதை விட்டான், நீக்கவும் இல்லை, பரீட்சைக்கும் போகவில்லை. மருத்துவச் சான்றிதழும் கிடையாது. அவன் மீள்பரீட்சார்த்தி ஆனான். எங்கள் பீடத்தில் மீள எழுதுபவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’ தரத்துக்கு மேல் இல்லை. வகுப்புச் சித்தி (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பட்டத்துக்குத் தரும் தரம்) கணக்குப் பார்க்கும்போது அந்த ஒரு ‘சி’ எப்படிக் குத்தும் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். ஆகவே வேண்டாம் என்று நினைக்கும் அலகை, சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் காலத்துக்குள் முறைப்படி நீக்கிவிடுங்கள். ‘போகாமல் விட்டால் தானாகக் கழிந்துவிடும்’ என்பது பொய்.

எத்தனை அலகு எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு அலகுக்கும் இத்தனை கிரெடிட் என்று இருக்கும். அவற்றைக் கூட்டினால், இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி வருடத்துக்கு 30 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கு. அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது கொஞ்சம்தான். மீதி நூலகம், ஒப்படை, வீட்டில் வாசிப்பது. அதாவது வருடத்துக்கு 1500 மணித்தியாலம். முதலாம் வருடத்தில் வீரம் காட்டி மேலதிகமாக எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் புதிதாகப் பழகும் வருடத்தில் அது எனக்குப் புத்தியாகப் படவில்லை.

தமிழ்மொழி மூலம் பற்றி ஒரு சொல். பீடத்தின் கைநூலில் ஓர் அலகு தமிழில் உண்டு என்று போட்டிருந்தாலும், இந்த அரையாண்டில் அதைத் தமிழில் எடுக்க ஆள் இருக்கிறாரா என்று துறை அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். முதல் இரண்டு வகுப்பிலும் போய் இருந்து பாருங்கள். பிறகு பதிவுப் படிவத்தைச் சமர்ப்பித்து, ஏற்கப்பட்டது என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்து, அலகுகளை விரலால் தொட்டு எண்ணுங்கள். குறைந்தால் அன்றைக்கே கருமபீடத்துக்குப் போங்கள். சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் காலம் முடிந்து மறுநாள் போய் நின்றால், அங்கே இருப்பவர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும் கைநூலைத்தான் எடுத்து நீட்டுவார்.