பந்தயம் விட்ட குதிரைக்கு முதல் பாடம்

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆறு வயது தரோபிரெட் இனக் குதிரை ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன் வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாயத்தில் விட்டிருக்கிறேன். நடக்கும்போது சாதுவாக இருக்கிறது. நடையைவிட வேகமான ட்ராட்டுக்கு (துள்ளோட்டம்) வந்ததுமே தலையைத் தூக்கி வேகமெடுக்கிறது. கடிவாளத்தை இழுக்க இழுக்க வேகம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வலப்புறமாக வட்டம் சுற்றும் குதிரை, இடப்புறமாகத் திருப்பினால் விறைத்துக்கொள்கிறது. கடுமையான பிட் (வாய்க்குள் வைக்கும் கடிவாள இரும்பு) போடச் சொல்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: பிட்டை மாற்றாதீர்கள். உங்கள் குதிரை தனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்துகொண்டிருக்கிறது. பந்தயத்தில் ஜாக்கி கடிவாள வாரைக் குறுக்கிப் பிடித்துக் கைகளைக் கழுத்தின்மேல் ஊன்றிக்கொள்ள, குதிரை பிட்டின்மேல் சாய்ந்து, அதையே பிடிமானமாக வைத்துக்கொண்டு பாய்கிறது. வெற்றிக்கம்பத்தைத் தாண்டிய பிறகு ஜாக்கி அங்கவடியில் (கால் வைக்கும் வளையம்) எழுந்து நின்று வாரைத் தளர்த்தும்போதுதான் அது வேகத்தை விடுகிறது. ஆக, வார் இறுகினால் ஓட வேண்டும், தளர்ந்தால் ஓயலாம் என்பது அதற்கு இரண்டு வயதிலேயே பழகிப்போன பாடம். நீங்கள் நிறுத்துவதற்காக இழுக்கிறீர்கள். ஓடச் சொல்வதாக அது புரிந்துகொள்கிறது. வாயில் இன்னும் வலிக்கும்படி ஒன்றைப் போட்டால், வலிக்குப் பயந்து ஓடும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜாக்கி குட்டையான அங்கவடியில் முழங்காலை மடக்கி, சேணத்தில் உட்காராமலே ஓட்டுகிறார் என்பதால், மனிதரின் கெண்டைக்கால் தன் விலாவை அணைத்துக்கொண்டு தொங்குவதை உங்கள் குதிரை அதிகம் அறிந்திருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு செந்நிறக் குதிரையின்மேல் முதல்முறை உட்கார்ந்து, நீளமான அங்கவடியில் கால்களைத் தொங்கவிட்டேன். சேணத்தைக் கட்டும் வயிற்றுவார் இருந்த இடத்தில் அதன் தோல் சிலிர்த்தது. என் கால்களுக்கு இடையில் விலா எலும்புகள் அசைவதே நின்றுபோயிற்று, அதாவது அது சற்று நேரம் மூச்சை அடக்கிக்கொண்டது. குதிரையைப் பராமரிக்கும் சைஸ் தலைப்பக்கம் நின்று கழுத்தைத் தடவிக்கொடுக்க, நான் ஏழெட்டு நிமிடம் ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூக்கு வழியே நீண்ட செருமல் ஒன்று வந்தது. தலை மெல்லத் தாழ்ந்தது. பிட்டை மென்றதில் உதட்டோரம் வெள்ளையாக நுரை கட்டியது. அன்றைய பயிற்சியை அதோடு முடித்துக்கொண்டேன். அந்தச் செருமலுக்காக நீங்களும் காத்திருங்கள்.

எனவே முதல் சில வாரங்களுக்கு நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் வட்டத்தில், குதிரை கழுத்தை நீட்டித் தாழ்த்தும் அளவுக்கு வாரை விட்டுக்கொடுத்து நடக்கவிடுங்கள். நிறுத்த நினைக்கும்போது முதலில் மூச்சை வெளியே விட்டு, உங்கள் இடுப்பின் அசைவை நிறுத்தி, 'ஹோ' என்று தாழ்ந்த குரலில் சொல்லி, கடைசியாக மட்டும் விரல்களை ஒரு கணம் மூடுங்கள். அது தயங்கிய அந்த நொடியிலேயே விரல்களைத் திறந்துவிட வேண்டும். பத்து அடி நடை, நிற்றல், மறுபடி நடை என்று இதையே மாற்றி மாற்றிச் செய்யும்போது, விரல் மூடினால் நிதானம், கால் தொட்டால் முன்னேற்றம் என்ற புதிய பாடம் பழையதன்மேல் மெதுவாகப் படிகிறது. தரையில் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று நான்கு கட்டைகளைப் போட்டு நடத்தினால், குதிரை தானாகவே தலையைத் தாழ்த்திக் காலடியைப் பார்க்கும், முதுகும் எழும். என் அனுபவத்தில், வாரைப் பிடித்து மல்லுக்கட்டுவதைவிட இந்தக் கட்டைகள் அதிகம் சாதிக்கின்றன.

ட்ராட்டை நான்கு ஐந்து வட்டங்களுக்குமேல் நீட்டாதீர்கள். அது இரண்டு தாள ஓட்டம். நீங்கள் சேணத்தில் எழுந்து உட்காரும் வேகத்தைக் குதிரையின் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தால், பெரும்பாலான குதிரைகள் அந்தத் தாளத்துக்கு இறங்கிவரும். அப்படியும் வேகமெடுத்தால் இழுக்காமல், வட்டத்தைப் படிப்படியாகச் சுருக்குங்கள். வளைவு சிறுக்கும்போது வேகம் குறைந்தாக வேண்டும், அது குறைந்ததும் மீண்டும் அகலவிடுங்கள்.

இடப்புற விறைப்புக்கு ஒரே பக்கமாக வளைந்து ஓடிய பழக்கம் காரணமாக இருக்கலாம். எளிய பக்கத்தில் தொடங்கி, கடினமான பக்கத்தில் சிறிது நேரம் செய்து, மீண்டும் எளிய பக்கத்தில் முடியுங்கள். வார்களைக் கட்டிவைத்துக் கழுத்தை மட்டும் வளைப்பது விலாவை வளைக்காது. நாட்கள் போயும் விறைப்பு குறையாவிட்டால், அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் கூர்முனை, பொருந்தாத சேணம், முதுகு, குளம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குதிரை பழக்கமுள்ள மருத்துவர் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

உணவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். குதிரையின் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அதைத் தணிக்கிறது. ஓட்ஸையும் கொள்ளையும் படிப்படியாகக் குறைத்து, பச்சைப்புல்லோ உலர்புல்லோ எந்நேரமும் முன்னால் இருக்கும்படி செய்யுங்கள். வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருகிறதென்றால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

சென்னையில் பயிற்சியைக் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் முடித்துவிடுவது நல்லது. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். உழைத்த பிறகும் உடல் உலர்ந்திருந்து, மூச்சுமட்டும் அடங்காமல் அடித்தால், உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து மருத்துவரை அழையுங்கள். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உங்கள் குதிரையின் எண்ணைத் தினமும் குறித்துவைத்தால் மாறுதல் உடனே தெரியும்.

கேள்வி: என் தம்பி இதே போன்ற ஒரு குதிரையைக் கடற்கரையில் பாயவிட வேண்டும் என்கிறான். மணலில் ஓடினால் கால் வலுப்படும் என்பது சரியா?
- வாசகர், நீலாங்கரை

பதில்: இப்போது வேண்டாம். ஆழமான உலர்மணலில் குளம்பு புதையும்போது முன்னங்கால் பின்புறத் தசைநாண்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. பந்தயக் குதிரைகளில் ஏற்கெனவே அதிகம் அடிபடும் இடம் அது. கிழிந்தால் ஆறுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். தவிர, எதிரே நீண்டு கிடக்கும் திறந்த வெளியைப் பார்த்ததும் அதற்குப் பந்தயத் தளம் நினைவுக்கு வரும். அங்கே உங்கள் தம்பி வாரை இறுக்கினால் என்ன நடக்கும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். வட்டத்துக்குள் கேன்டரிலிருந்து (மிதமான பாய்ச்சல்) ட்ராட்டுக்கும், ட்ராட்டிலிருந்து நடைக்கும் குரலிலேயே இறங்கிவரும் அளவுக்குப் பழகிய பிறகு, அலை நனைத்து இறுகிய ஈரமணலில், பழகிய இன்னொரு குதிரையின் துணையோடு, நடையில் மட்டும் ஒரு நாள் காலையில் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.