உப்புக்காற்று வீசும் ஊரில் ஏசி: வாசகர் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து ஏசி பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

வாங்கிய சில வருஷத்திலேயே ஏசியின் வெளி யூனிட் துருப்பிடித்து கேஸ் இறங்கிவிட்டது. அடுத்து எந்தக் கம்பெனி வாங்கலாம்? (பாம்பன்)

கம்பெனி பெயரை விடுங்கள், காயிலைப் பாருங்கள். செம்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கியிருக்கும். உப்பு ஈரம் படியும்போது இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். விரலால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால் கடையில் "செம்புக் காயில்தான் சார்" என்று சொன்னால் அதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். தகட்டின் மேல் நீல நிறத்திலோ பொன்னிறத்திலோ அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத் துருவுக்கு வாரண்டி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதை விலக்கி வைத்திருக்கும் வாரண்டிகள் உண்டு.

அடுத்தது யூனிட்டை மாட்டும் இடம். பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். ஆடியில் தென்மேற்குக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் வாடை. இந்த இரண்டும் நேராக மோதாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள், ஆனால் யூனிட்டைச் சுற்றிக் காற்றுப் போக இடம் இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளிக் காயிலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் அந்த உப்பும் தகட்டின் இடுக்கிலேயே தங்கிவிடும். பிரஷர் பம்பும் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

துபாயிலிருந்து வரும் மகன், சூடும் குளிரும் தரும் ஏசியாக வாங்கச் சொல்கிறான். தேவையா? (கீழக்கரை)

தேவையில்லை அம்மா. நம் கடற்கரையில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தப் பணத்தில் கூடுதல் மின்சிக்கன ஸ்டார் உள்ள இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) வாங்குங்கள், மாதாமாதம் பலன் தெரியும்.

ஏசிக்கு வசதியில்லை. ஏர் கூலர் போதுமா? (தொண்டி)

கூலரில் தண்ணீர் ஆவியானால்தான் காற்று குளிரும். தொண்டிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டினால் கசகசப்புதான் மிஞ்சும். அதைவிட நல்ல பி.எல்.டி.சி. மின்விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்குங்கள். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவில் ஓடும்.

மாடியில் 10க்கு 12 அறை. 2 டன் ஏசி போடச் சொல்கிறார்கள். (ராமேஸ்வரம்)

முதலில் தளத்தைக் கவனியுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், நடு இரவு வரை சூட்டை அறைக்குள் இறக்கும். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதியுங்கள். கீற்றுக் கொட்டகை போட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு போகாதபடி கட்ட வேண்டும்.

அதற்குப் பிறகும் இந்த அறைக்கு 1 டன், மிஞ்சினால் 1.5 டன் போதும். 2 டன் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் வெளியேறாது. உடம்பு சில்லென்றிருந்தும் படுக்கை நசநசவென்று இருக்கும். 26 டிகிரியில் வைத்து விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள். புழுக்கம் மட்டும் தொல்லை தரும் நாளில் ஏசியில் ஈரத்தை உறிஞ்சும் டிரை மோடு போதும்.

கீசர் சீக்கிரம் ஓட்டையாகிறது. (தேவிபட்டினம்)

டேங்குக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். டேங்கு அரிக்காமல், அதற்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. உவர் தண்ணீரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். சர்வீஸுக்கு வருபவரிடம் வருஷம் ஒரு முறை அதைக் கழற்றிக் காட்டச் சொல்லி, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.