ஹாட் ராட் செய்ய ஃபோர்டு அல்லாத பழைய கார் எடுக்கலாமா?

ஹாட் ராட், அதாவது பழைய காரை மாற்றியமைத்து வலுவான இன்ஜின் பொருத்திய வண்டி, செய்ய எல்லோரும் 1932 ஃபோர்டையே எடுக்கிறார்கள், வேறு ஏதாவது எடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஃபோர்டுக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்) முதல் முழு பாடி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹட்சன், ஸ்டூடிபேக்கர் போன்ற பழைய அமெரிக்க கார்களுக்கு அந்த வசதி குறைவு.

இன்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம், எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். பாடியைப் பாருங்கள். 1930-களின் முற்பாதி செவர்லேக்களில் தகட்டுக்குள்ளே மரச்சட்டம் இருக்கும். கதவைத் திறந்து, அதன் நுனியைப் பிடித்து லேசாகத் தூக்குங்கள். கீல் பக்கம் ஆடினால் மரம் உளுத்திருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சரிசெய்வது வெல்டிங் வேலை இல்லை, தச்சு வேலை, பொறுமை வேண்டும். துருப்பிடித்த தகடு எவ்வளவோ மேல்.

அப்புறம், விடுபட்ட சாமான்கள். தட்டைக் கண்ணாடி போனால் வெட்டிக்கொள்ளலாம். முன் கிரில், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி இதெல்லாம் இல்லாத வண்டி மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். தேடி மாளாது.

என்னைக் கேட்டால், ஹட்சன் தயாரித்த டெராபிளேன் கூப்பே (இரண்டு கதவு கார்). முகமே தனி அழகு. ஆனால் முழுசாக, ஓடும் நிலையில் கிடைத்தால் தயவுசெய்து அறுக்காதீர்கள். இன்ஜின் இல்லாமல் கிடக்கும் வெறும் கூடாகப் பார்த்து எடுங்கள்.