டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விட்டுப்போன காயம்

ஒரத்தநாட்டுத் தம்பிக்கு, 1971 போரில் மேற்கு முனையில் அப்பாவின் தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்தும், ராணுவத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காயமும் இல்லை, பதக்கமும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்தது. இதை விடாதீர்கள்.

அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதால் மனு, வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் வெலிங்டன் ரிக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பராக்ரம் பதக் என்ற காயப் பதக்கம் எதிரியின் நேரடித் தாக்குதலில் பட்ட காயத்துக்கு மட்டும்தான். அதனால் தழும்பைப் பார்த்து இன்றைய டாக்டர் தரும் சான்று போதாது. அன்றைய ராணுவ மருத்துவமனைச் சீட்டு, மருத்துவ வாரிய அறிக்கை ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். மடிப்பு விட்டுப்போன தாளாக இருந்தாலும் சரி, நகல் மட்டும் அனுப்புங்கள். 1971 போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கான பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தையும் அதே மனுவில் கேளுங்கள். மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது.