கார்டு பொருத்தினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய லேப்டாப்பில், விற்ற கடையிலேயே கொடுத்து தகவல்களைச் சேமிக்கும் எம்.2 எஸ்.எஸ்.டி. கார்டு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினேன். லேப்டாப் திரையில் அந்தக் கார்டு தெரியவே இல்லை. சில வாரங்களில் லேப்டாப்பும் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. "மூடியைத் திறந்ததால் வாரண்டி ரத்து, மதர்போர்டு மாற்ற 28,000 ரூபாய்" என்கிறது சர்வீஸ் சென்டர். வழக்குப் போடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: போடலாம். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு புகார் அல்ல, இரண்டு.

கார்டு தெரியாததற்கு லேப்டாப் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எம்.2 கார்டுகளில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா கார்டும் ஒழுங்காகப் பொருந்தி உட்காரும், வேலைதான் செய்யாது. கார்டின் மாடல் எண்ணை லேப்டாப் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத கார்டை விற்று மாட்டியிருந்தால் அது கடைக்காரரின் சேவைக் குறைபாடு.

சார்ஜ் பிரச்சினைக்கு வாரண்டி நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். 'வெளியார் பொருத்திய பாகத்தால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்று மட்டும் இருந்தால், அந்தக் கார்டுதான் பழுதுக்குக் காரணம் என்பதை நிறுவனம் காட்டட்டும் என்று வாதிடலாம். 'திறந்தாலே ரத்து' என்றிருந்தால் வாதம் கடினம். மூடியில் ஒட்டியிருக்கும் வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்தாலும் வாரண்டி போகாது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தை வைத்துச் சொல்வது, இங்கே செல்லாது.

அவசரத்தில் பணம் கட்டி மதர்போர்டை மாற்றிவிடாதீர்கள். உங்கள் முக்கியச் சாட்சியமே அதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 38ஆம் பிரிவின்படி பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தால் முடியும். அனுப்புவதற்குப் பழைய போர்டு இருக்க வேண்டுமே! வாரண்டி மறுப்புக்கான காரணத்தை, சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் (பழுது விவரச் சீட்டில்) எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள்; பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். பலனில்லை என்றால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கடை, லேப்டாப் நிறுவனம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் மற்றது பழியை அதன்மேல் போட்டுவிட்டு நழுவும்.

பழுதுநீக்கம் அல்லது அதற்கான செலவு, கார்டின் விலை, வழக்குச் செலவு, நியாயமான இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதி நல்ல மனுவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.