கரு எப்போது ‘ஆள்’ ஆகிறது?
வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: கருவை எப்போதிலிருந்து ஒரு ஆளாகக் கணக்கெடுப்பது, இலங்கைச் சட்டம் ஏதும் சொல்கிறதா?

நேராகச் சொல்லவில்லை. ஆனால் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவில் ஒரு தடயம் இருக்கிறது. தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் 7 வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் இதே பிரிவுதான்.

அதாவது அசைவுக்குப் பிறகு கருவின் பெறுமதி கூடுகிறது. ஸ்கேன் இல்லாத காலத்தில் தாய் சொல்வதுதானே சாட்சி! சரி, ஆனால் தலைப்பிள்ளைக்காரிக்கு அசைவு 20 வாரமளவில்தான் தெரியும். அடுத்த பிள்ளைக்கு 16 வாரத்திலேயே தெரிந்துவிடலாம். தாயின் அனுபவத்தை வைத்துப் பிள்ளை ஆளாகும் நாளைக் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மனிதத் தன்மை படிப்படியாக வளர்வது என்றே நினைக்கிறேன். ஒரே நாளில் கோடு கீற முடியாது.