சைதாப்பேட்டை ஆத்தோரம் வீடு, சீட்டு காசு 60,000: தரையை ஏத்துறதா, நகையை மீட்குறதா?

கேள்வி: சார், அடையாறு கரையோரம் சைதாப்பேட்டையில எங்களுக்கு சொந்த வீடு, ஆனா பட்டா இல்ல, தகர கூரை. நான் நாலு வீட்டுல வேலை பாக்குறேன், வீட்டுக்காரரு பெயிண்டர். மழை பலமா அடிச்சா வீட்டுக்குள்ள தண்ணி வந்துடும். ஆவணியில சீட்டு காசு 60,000 வருது. தரையை 2 அடி ஏத்தி கான்கிரீட் போடலாம், 55,000 ஆகும்னு அவரு சொல்றாரு. என்னோட ஒரு சவரன் செயின் சேட்டு கடையில 40,000க்கு ரெண்டு வட்டியில கிடக்கு, வட்டி மட்டும் மாசாமாசம் கட்டிடுறேன். எதை முதல்ல செய்யுறது?

பதில்: நகையை மீட்டுடுங்க சிஸ்டர். மாசம் 800 ரூபா சும்மா போயிட்டு இருக்கு, வருஷத்துக்கு 9,600.

தரை விஷயத்துல உங்க வீட்டுக்காரரு சொல்றது தப்புன்னு சொல்லல, முழங்கால் அளவு தண்ணிக்கு அது தாங்கும், ஆனா தரை 2 அடி ஏறுனா தகரம் தலையில இடிக்கும், அப்புறம் சுவரையும் கூரையையும் ஏத்தணும், 55,000ல அது முடியாது. 2015 டிசம்பர் மாதிரி வந்தா 2 அடி எந்த மூலைக்கு, அன்னைக்கு சைதாப்பேட்டை பாலத்துலயே போக்குவரத்தை நிறுத்துனாங்க. அதுக்கப்புறம் அடையாத்து கரையில இருந்த எத்தனையோ குடும்பத்தை பெரும்பாக்கத்துக்கு மாத்துனாங்கன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு உங்களையும் போகச் சொன்னா செயின் கூட வரும், கான்கிரீட் வராது.

நான் பார்த்த வரைக்கும் ஆத்தோர குடும்பங்களை கவுக்குறது நனைஞ்ச மெத்தையும் டிவியும் இல்ல, அதுக்கப்புறம் வாங்குற தண்டல்தான். ஐப்பசி கார்த்திகையில பெயின்ட் வேலை இருக்காது, தண்ணி வந்தா நீங்களும் ஒரு வாரம் வேலைக்கு போக முடியாது, அடுப்பு எரியணுமேன்னு 10,000 தண்டல் வாங்குவீங்க, கைக்கு 8,500 வரும், தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். பார்க்க 1,500தானேன்னு தோணும். ஆனா அசலும் தினம் குறைஞ்சுக்கிட்டே வருதுல்ல, அப்படி கணக்கு போட்டா கிட்டத்தட்ட பத்து வட்டி! சேட்டே தேவலை.

அதனால 40,000 கட்டி செயினை எடுங்க, ஆனா வீட்டுல வைக்காதீங்க. பக்கத்து கூட்டுறவு பேங்க்லயோ அரசு பேங்க்லயோ சும்மா 5,000க்கு அடகு வைங்க, வட்டி மாசம் 40 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும், நகை தண்ணியில போகாது, லாக்கர் வாடகையும் மிச்சம் (நிறைய பேரு சத்தம் போடாம பண்றதுதான் இது). அவசரம்னா அதே நகைக்கு கூட வாங்கிக்கலாம், வட்டி சேட்டு கடையில பாதி கூட வராது. ஆனா மழைக்கு முன்னாடியே போகணும், வெள்ளத்துல பேங்க் திறக்காது.

மீதி 20,000 பிளஸ் அந்த 5,000. இதுல ஒரு 8,000 வீட்டுக்கு செலவு பண்ணுங்க: சுவிட்ச் போர்டையும் பிளக்கையும் தோள் உயரத்துக்கு மேல ஏத்துங்க, ஒரு பரண் போடுங்க, ஃபிரிட்ஜ் இருந்தா கல்லு வச்சு தூக்குங்க. 14,000 போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் கணக்குல மழைக்காசுன்னு தனியா கிடக்கட்டும், வட்டியில மிச்சமாகுற அந்த 800ஐயும் மாசாமாசம் அதுலயே போடுங்க. 3,000 மட்டும் புரட்டாசி கடைசிக்குள்ள நூறு ரூபா நோட்டா ஜிப் கவர்ல வச்சுக்கோங்க, கரண்ட் போச்சுன்னா ஜிபேயும் கிடையாது ஏடிஎம்மும் கிடையாது.

இன்சூரன்ஸ்? தகர கூரைக்கு வீட்டு பாலிசி கிடைக்கிறது குதிரைக் கொம்பு, அதுக்கு அலையாதீங்க. ஆனா பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்கு விபத்து காப்பீடு இருக்கு, பிஎம் சுரக்ஷா பீமான்னு கேளுங்க, ரெண்டு பேரும் போடுங்க. விபத்துல உயிர் போனா குடும்பத்துக்கு 2 லட்சம். ஏணி மேல நின்னு வேலை பார்க்குறவரு, கட்டாயம் போடணும்.

ரேஷன் கார்டு இன்னும் ஊரு அட்ரஸ்லயே இருந்தா இப்பவே மாத்துங்க. 2023 மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடையிலதான் குடுத்தாங்க, இங்க கார்டு இல்லாதவங்க தனியா மனு குடுத்து அலைஞ்சாங்க.

சீட்டு பதிவு பண்ண கம்பெனியா, இல்ல ஏரியா அக்கா யாராவது பிடிக்கிறாங்களான்னு நீங்க எழுதல. ரெண்டாவதுன்னா காசு கைக்கு வர்ற வரைக்கும் எலக்ட்ரீஷியனுக்கோ கொத்தனாருக்கோ அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாதீங்க.